எலியின் மஜ்ஜையிலிருந்து வளர்ப்பவை உண்மையிலேயே ஸ்டெம் செல்கள்தானா?

எலும்புக் குறைகளை, அதாவது எலும்பில் விழுந்த இடைவெளிகளை, ஆற்றுவது குறித்த ஓர் ஆய்வில் புதிதாகச் சேரவிருக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. எலியின் தொடை எலும்பு மஜ்ஜையிலிருந்து மீசன்கைமல் ஸ்டெம் செல்களை (எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவையாக மாற வல்ல மூலச் செல்களை) எடுத்து வளர்க்குமாறு வழிகாட்டி சொல்லியிருக்கிறார். எலிக்குப் பதிலாக முயல், நாய், செம்மறியாடு, குதிரை ஆகியவற்றுள் எதை எடுத்தால் முடிவுகள் மனிதருக்கு நெருக்கமாக இருக்கும் என்று மாணவர் அறிய விரும்புகிறார். கேள்வியின் கடைசியில், “எப்படியும் ஃபிளாஸ்க்கில் ஒட்டி வளர்பவை ஸ்டெம் செல்கள்தானே” என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. இங்கே உண்மையாகக் கேட்கப்பட்டிருப்பது அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபிளாஸ்க்கில் இருப்பது என்ன என்பது தெளிவானால், எந்த விலங்கு என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவன். சுண்டெலி, எலி, முயல், நாய், குதிரை ஆகியவற்றின் மஜ்ஜையை என் கையால் கையாண்டிருக்கிறேன். செம்மறியாட்டையும் பன்றியையும் பற்றி நான் சொல்பவை படித்தறிந்தவை மட்டுமே. மனித நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பவன் அல்லன் என்பதால், மருத்துவமனைப் பயன்பாடு பற்றிய என் கருத்துகளை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செல்களின் கதை விலங்கின் மஜ்ஜையில்தான் தொடங்கியது. சோவியத் யூனியனில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1960களிலும் 1970களிலும் செய்த சோதனைகளே இத்துறைக்கு அடித்தளம். 1970இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கினிப்பன்றியின் மஜ்ஜைச் செல்களையும் மண்ணீரல் செல்களையும் வளர்ப்புக் கலத்தில் மிக மெல்லியதாகப் பரப்பியபோது, ரத்தச் செல்கள் மிதந்துபோக, கலத்தின் தரையில் ஒட்டிக்கொண்ட ஒரு சில செல்கள் ஒவ்வொன்றும் பெருகி, நார்த்திசுச் செல்களைப் போன்ற தனித்தனிக் கூட்டங்களாக வளர்ந்ததைக் காட்டினார்கள். அவ்வாறு வளர்ந்தவற்றை விலங்கின் உடலுக்குள், குறிப்பாகச் சிறுநீரகத்தின் மேலுறைக்கு அடியில் வைத்தபோது, அங்கே எலும்பு உருவாயிற்று; அந்த எலும்பின் உட்குழிக்குள், பெறும் விலங்கின் சொந்த ரத்தச் செல்கள் வந்து குடியேறி மஜ்ஜையாகவும் ஆயின. கலத்தில் ஒட்டியதைப் பார்த்து மட்டும் அவர் இச்செல்களுக்குச் சிறப்புத் தகுதி கொடுத்துவிடவில்லை. உடலுக்குள் வைத்து அவை என்ன செய்கின்றன என்று பார்த்த பிறகே கொடுத்தார். பின்வந்தவர்களில் பலர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள் என்பதே என் நெடுநாள் குறை.

‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரை 1991இல் பரவலாக்கியவர் அமெரிக்காவின் ஆர்னால்ட் காப்லன். கோழிக் கருவின் கைகால் அரும்புகளில் எலும்பும் குருத்தெலும்பும் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். கருவில் அப்பணியைச் செய்யும் மீசன்கைம் திசுவுக்கு ஒப்பான ஒன்று வளர்ந்த உடலிலும் எஞ்சியிருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து அப்பெயர் பிறந்தது. அதே காப்லன் 2017இல், இந்தப் பெயர் மக்களைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது, இதை மாற்றுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். ஊசி மூலம் செலுத்தப்படும் இச்செல்கள் புதுத் திசுவாக மாறுவதைக் காட்டிலும், தாம் சுரக்கும் பொருட்களால் சுற்றியுள்ள செல்களைத் தூண்டுவதையே பெரிதும் செய்கின்றன என்பது அவர் வாதம். செல் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கமோ அதற்கும் முன்பே, 2005இல், ‘ஸ்டெம்’ என்ற சொல்லை நீக்கி ‘ஸ்ட்ரோமல்’ செல், அதாவது தாங்குதிசுச் செல், என்று அழைக்கப் பரிந்துரைத்திருந்தது. எம்எஸ்சி என்ற சுருக்க எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே ஆனதால், பெயர் மாறியதையே பலர் கவனிக்கவில்லை.

ஐயமின்றிச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மஜ்ஜையில் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய மூன்றையும் உருவாக்க வல்ல செல்கள் உண்மையிலேயே உள்ளன. அவற்றில் பல, நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரை ஒட்டி இருக்கின்றன. அவை மிக அரிதானவை: மனித மஜ்ஜையில் உட்கரு உள்ள செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று முதல் லட்சத்துக்கு ஒன்று வரை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு, வயது ஏற ஏற அதுவும் குறைகிறது. அவ்வளவு அரிய ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ஃபிளாஸ்க் நிறையச் செல்களைப் பெறுகிறோம் என்றால், நம் கையில் இருப்பது உடலில் இருந்த செல் அன்று. பிளாஸ்டிக், சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்), ஆக்சிஜன் அளவு, பிரித்து மறுபடி விதைத்த தடவைகள் ஆகியவற்றுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டு மிஞ்சிய ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்திலும், தனிச் செல்லிலிருந்து வளர்ந்த குடும்பங்களைப் பிரித்துச் சோதித்தால், ஒரு பகுதி மட்டுமே மூன்று திசுக்களையும் தருகிறது. சில எலும்பை மட்டும் தரும், சில எதையுமே தராமல் பெருகிக்கொண்டிருக்கும். ஆகவே மாணவரின் கடைசி வரிக்கு என் விடை: ஒட்டி வளர்பவற்றுள் ஸ்டெம் செல்கள் இருக்கலாம், ஆனால் ஒட்டி வளர்பவை எல்லாம் ஸ்டெம் செல்கள் அல்ல.

2006இல் அதே பன்னாட்டுச் சங்கம் மூன்று குறைந்தபட்ச அளவுகோல்களை வகுத்தது. பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும். சிடி73, சிடி90, சிடி105 ஆகிய மேற்பரப்புப் புரதங்கள் 95 விழுக்காட்டுக்குக் குறையாத செல்களில் இருக்கவும், சிடி45, சிடி34 போன்ற ரத்தச் செல் அடையாளங்கள் 2 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் வேண்டும். ஆய்வகக் கலத்தில் மூன்று திசுக்களாகவும் மாற வேண்டும். இவை மனிதச் செல்களுக்காக எழுதப்பட்டவை. அந்த வரியைப் படிக்காமலேயே எலிக்கும் முயலுக்கும் குதிரைக்கும் அப்படியே பொருத்தும் கட்டுரைகள் ஏராளம். சி57 பிளாக் 6 என்ற வகைச் சுண்டெலியின் மஜ்ஜைச் செல்களில் சிடி34 இருப்பதாகவே காணப்பட்டிருக்கிறது. மனித அளவுகோலை வைத்து அளந்தால் அவற்றை நிராகரிக்க வேண்டிவரும். சுண்டெலியில் பெரிதும் பயன்படும் ஸ்கா-1 என்ற அடையாளமோ மனிதரில் தேடிப் பயனில்லாதது.

முயல், நாய், குதிரை என்று வரும்போது வேறொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. இப்புரதங்களில் ஒட்டிக்கொண்டு ஒளிர்ந்து அவற்றைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடிகளில், விற்பனையில் உள்ளவை பெரும்பாலும் மனித, சுண்டெலிப் புரதங்களை எதிர்த்து உருவாக்கப்பட்டவை. அவை முயலின் புரதத்தை அடையாளம் கண்டுகொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதனால் ‘சிடி45 இல்லை’ என்று கருவி காட்டும்போது, செல்லில் அந்தப் புரதம் இல்லையா, இருந்தும் ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டவில்லையா என்ற இரண்டில் எது உண்மை என்று தெரியாது. இதற்கு எளிய தீர்வு ஒன்று உண்டு: அதே விலங்கின் ரத்த வெள்ளணுக்களை அதே நாளில் அதே ஆன்டிபாடியால் சோதித்துப் பாருங்கள். அங்கே ஒளிராத ஆன்டிபாடி உங்கள் ஃபிளாஸ்க்கிலும் ஒளிரப் போவதில்லை. அந்த வெறுமையைத் தூய்மைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. மதிப்பீட்டுக்காக என்னிடம் வரும் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையைத்தான். பாதிக்கு மேல் அது இருப்பதில்லை.

சுண்டெலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையின் குழப்பங்களில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததே. மரபணு மாற்றிய வகைகள் கிடைப்பதாலும், ஆன்டிபாடிகள் நிறைய உள்ளதாலும் எல்லோரும் அதை நாடுகிறார்கள். ஆனால் மஜ்ஜையிலிருந்து இச்செல்களைத் தூயதாகப் பிரிக்க மிகக் கடினமான விலங்குகளில் அது ஒன்று. எலும்பின் உட்குழியை ஊடகத்தால் (செல்களுக்கு உணவாகும் வளர்ப்புத் திரவத்தால்) அலசி எடுத்து வளர்த்தால், ஒட்டிக்கொள்பவற்றுள் பெரும்பகுதி மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களாகவும் பிற ரத்த வழிச் செல்களாகவும் இருக்கும். ஒட்டிய செல்களைப் பிரிக்கும் டிரிப்சின் நொதிக்கும் அவை எளிதில் விடுபடாமல், பல பாசேஜ்கள் (பிரித்து மறுபடி விதைக்கும் சுற்றுகள்) வரை கூடவே வரும். நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஆறு வாரம் வளர்த்த ஒரு சுண்டெலி வளர்ப்பு, நுண்ணோக்கியில் பார்க்க அழகான கதிர் வடிவச் செல்களாகத் தெரிந்தது. சிடி45 சோதித்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவான செல்கள் ஒளிர்ந்தன. கண்ணால் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் அன்றோடு எனக்கு விட்டுப்போயிற்று. பின்னர் மஜ்ஜையை அலசிக் கொட்டிவிட்டு, எஞ்சிய கெட்டி எலும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கொலாஜினேஸ் நொதியில் ஊறவைத்து, அத்துண்டுகளிலிருந்து வெளியேறி வளரும் செல்களை எடுக்கும் முறைக்கு மாறினோம். அதில் கலப்பு வெகுவாகக் குறைந்தது. கண்டிப்பாகச் சொல்வதென்றால் அது மஜ்ஜைச் செல் என்பதைவிட எலும்புச் சுவரை ஒட்டிய செல் என்றே சொல்லத் தக்கது. ஆய்வுக் கட்டுரையிலும் அப்படியே எழுத வேண்டும்.

சுண்டெலிச் செல்லின் இன்னொரு இயல்பு, வழக்கமான காப்பறையின் 20 விழுக்காட்டை ஒட்டிய ஆக்சிஜன் அதற்குக் கேடு செய்வது. 2003இல் சுண்டெலி நார்த்திசுச் செல்களில் செய்யப்பட்ட ஆய்வொன்று, 3 விழுக்காடு ஆக்சிஜனில் வளர்த்தால் அவை மூப்படையாமல் தொடர்ந்து பெருகுவதைக் காட்டியது. மனிதச் செல்கள் அந்த அளவு பாதிக்கப்படுவதில்லை. ஆக்சிஜன் அழுத்தத்தில் சிக்கித் தேங்கும் சுண்டெலி வளர்ப்பு, சில வாரங்களில் திடீரென விரைந்து பெருகத் தொடங்கினால், அது நல்ல செய்தி அன்று. குரோமோசோம்கள் குலைந்து, புற்றுத் தன்மை அடைந்த செல்கள் மற்றவற்றை முந்திவிட்டன என்றே பெரும்பாலும் பொருள். நீண்டகாலம் வளர்த்த சுண்டெலி மஜ்ஜைச் செல்கள் விலங்கின் உடலில் சார்கோமா என்ற புற்றுக் கட்டிகளை உருவாக்கியது பதிவாகியிருக்கிறது. மனிதச் செல்களும் இப்படித் தானாக மாறும் என்று 2005இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரை ஒன்று 2010இல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வகத்தில் இருந்த வேறு புற்றுச் செல் வரிசை வளர்ப்பில் கலந்துவிட்டதே காரணம். சுண்டெலியில் உண்மையாக இருந்தது மனிதரில் இல்லாமற்போனதற்கும், ஆய்வகச் சுத்தம் ஒரு துறையையே ஐந்தாண்டுகள் அலைக்கழிக்கக்கூடும் என்பதற்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எலி இந்த வகையில் எவ்வளவோ மேல். தொடை எலும்பின் இரு முனைகளையும் வெட்டி, ஊசியால் ஊடகத்தைப் பாய்ச்சி மஜ்ஜையை வெளியேற்றி, கட்டிகளைக் கலைத்து விதைத்தால், இரண்டு மூன்று நாட்களில் மிதப்பவற்றை அகற்றிவிடலாம். ஒரு வாரத்துக்குள் கூட்டங்கள் தெரியும். மூன்றாம் பாசேஜில் ரத்தச் செல் கலப்பு பெரும்பாலும் மிகக் குறைந்துவிடும். ஆயினும் எலியில் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஸ்ப்ராக்-டாலி, விஸ்டார் ஆகிய எலி வகைகள் வெளிக்கலப்பு வகைகள், அதாவது ஒவ்வொரு விலங்கும் மரபில் வேறுபடுபவை. ஒரு ஸ்ப்ராக்-டாலி எலியின் செல்லை இன்னொரு ஸ்ப்ராக்-டாலி எலிக்கு வைப்பது, உறவில்லாத இரு மனிதருக்கிடையே உறுப்பு மாற்றுவதைப் போன்றது. இச்செல்கள் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கே படாதவை என்று முன்பு நம்பப்பட்டது. அவை நிராகரிப்பைத் தாமதப்படுத்துகின்றனவே தவிர முற்றிலும் தப்புவதில்லை என்பதே இன்று நிலைத்த கருத்து. நிராகரிப்பைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டுமானால் லூயிஸ் போன்ற, எல்லா விலங்கும் ஏறக்குறைய ஒரே மரபுடைய உட்கலப்பு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று, எலியின் நீள எலும்புகளில் வளர்ச்சித் தட்டுகள் வாழ்நாளின் பெரும்பகுதி முழுமையாக மூடுவதில்லை. எலும்பு ஆறும் வேகமும் மனிதரைவிட அதிகம். ஆகவே செல்களே இல்லாமலும் ஆறிவிடக்கூடிய சிறிய குறையில் செல்களை வைத்து ‘ஆற்றிவிட்டோம்’ என்று சொல்வதைத் தவிர்க்க, தானாக ஆறாத அளவுள்ள குறையை உருவாக்க வேண்டும். மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

முயலில் இதே பொறி வேறு உருவில் காத்திருக்கிறது. முழங்காலில் 3 மில்லிமீட்டர் அளவில் எலும்புவரை துளையிட்டால், முயல் தன் சொந்த மஜ்ஜைச் செல்களைக் கொண்டே அதைப் பெருமளவு நிரப்பிக்கொள்ளும். அதோடு முயலின் முழங்கால் குருத்தெலும்பின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர், செம்மறியாட்டில் அரை மில்லிமீட்டர் அளவு, மனிதரில் 2 மில்லிமீட்டருக்கு மேல், குதிரையில் ஏறக்குறைய 2. ஆகவே குருத்தெலும்பைப் பற்றிய கேள்விக்கு, கையாளும் சிரமத்தையும் செலவையும் தாங்க முடிந்தால், குதிரையே மனிதருக்கு மிக அருகில் நிற்கிறது. நாயும் வெள்ளாடும் நடுவில் நிற்பவை. 2003இல் வெள்ளாடுகளின் முழங்காலில் மூட்டுவட்டத்தையும் முன்பிணைப்பு நாரையும் வெட்டி மூட்டுத் தேய்மானத்தை வரவழைத்து, மஜ்ஜைச் செல்களை மூட்டுக்குள் செலுத்தியபோது, வட்டம் ஓரளவு மீண்டு வளர்ந்ததும் தேய்மானம் குறைந்ததும் காணப்பட்டன. பெரிய விலங்கில் கிடைத்த முடிவு என்பதால் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

குதிரையைத் தனியாகப் பேச இன்னொரு காரணம், அங்கே விலங்கு மாதிரியும் நோயாளியும் ஒன்றே. பந்தயக் குதிரைகளின் முன்னங்காலில், விரல்களை மடக்கும் மேல்தசைநாண் கிழிவது அவற்றின் ஓட்ட வாழ்க்கையையே முடிக்கக்கூடிய காயம். இங்கிலாந்தில் ரோஜர் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 2003 முதல், குதிரையின் சொந்த மஜ்ஜைச் செல்களை வளர்த்து அந்த நாணுக்குள் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். மஜ்ஜையை மார்பெலும்பிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ உறிஞ்சலாம். மார்பெலும்பில் மஜ்ஜை தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஊசி ஆழமாகப் போனால் இதயத்தைத் தொட்டுவிடும் என்பதால் நான் அல்ட்ராசவுண்ட் துணையில்லாமல் செய்ததில்லை. முதல் சில மில்லிலிட்டரில்தான் நமக்கு வேண்டிய செல்கள் செறிவாக இருக்கும். அதற்குமேல் உறிஞ்ச உறிஞ்ச ரத்தமே வரும், அளவு கூடுமே தவிர செல்கள் கூடா. இச்சிகிச்சை பெற்ற நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளைத் தொடர்ந்து கண்காணித்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், மீண்டும் காயமடைந்தவை 27 விழுக்காடு அளவில் இருந்தன. மற்ற சிகிச்சைகள் பற்றிய பழைய பதிவுகளைவிட அது குறைவு. ஆனால் ஒரே காலத்தில், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. முறை பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. பயனளிக்கிறது என்று நம்புகிறேன். எவ்வளவு பயன் என்பதை எண்ணால் சொல்ல நான் துணியமாட்டேன்.

நோயெதிர்ப்பு சார்ந்த ஆய்வு என்றால் விலங்கைத் தேர்ந்தெடுப்பது வேறு அடிப்படையில் அமைய வேண்டும். இச்செல்கள், நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களின் பெருக்கத்தை அடக்குகின்றன. ஆனால் எல்லா இனங்களும் அதை ஒரே வழியில் செய்வதில்லை. சுண்டெலி, எலி, முயல், ஹாம்ஸ்டர் ஆகியவற்றின் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை உற்பத்தி செய்து அடக்குகின்றன. மனிதர், குரங்கு, பன்றி ஆகியவற்றின் செல்கள் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் ஐடிஓ நொதியின் மூலம் அதைச் செய்கின்றன. இந்தப் பிரிவு 2014இல் பல இனங்களை ஒருசேர ஒப்பிட்டுக் காட்டப்பட்டது. எலியில் நைட்ரிக் ஆக்சைடைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்துச் செல்களின் பயன் மறைவதைக் கண்டு, மனிதரிலும் அப்படியே என்று எழுதினால், அது முதல் வரியிலேயே பிழையாகிவிடும். எலும்பு உருவாக்கம் போன்ற கேள்விகளில் இனங்களுக்கிடையே இவ்வளவு அடிப்படையான பிளவு இல்லை என்பது உங்கள் ஆய்வுக்கு நற்பேறு.

கலத்துக்குள் திசுவாக மாற்றிக் காட்டும் சோதனைகளில் ஒவ்வொன்றிலும் ஓர் ஏமாற்று உண்டு. டெக்ஸாமெத்தசோன், அஸ்கார்பிக் அமிலம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் ஆகியவற்றைச் சேர்த்து மூன்று வாரம் வளர்த்து, கால்சியத்தைக் காட்டும் அலிசரின் ரெட் சாயம் சிவந்தால் எலும்பு என்று எழுதிவிடுகிறோம். பாஸ்பேட் மிகுந்த ஊடகத்தில், இறந்துகொண்டிருக்கும் செல்களைச் சுற்றியும் கால்சியம் படியும். சாயத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆஸ்டியோகால்சின் போன்ற எலும்புக்குரிய மரபணுக்களின் வெளிப்பாட்டையும், தூண்டாமல் அதே நாட்கள் வளர்த்த செல்களையும் அருகருகே காட்டாத அலிசரின் படத்தை நான் நம்புவதில்லை. குருத்தெலும்புக்கு இரண்டரை லட்சம் செல்களைச் சிறு உருண்டையாக மையவிலக்கி, சீரம் இல்லாத ஊடகத்தில் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து வளர்ப்பது வழக்கம். உருண்டை உருவானதே வெற்றி அன்று, அதன் வெட்டுத்துண்டில் இரண்டாம் வகைக் கொலாஜன் தெரிய வேண்டும். கொழுப்பாக மாற்றுவதில் குதிரை, நாய்ச் செல்கள் மனிதருக்கான கலவையில் பிடிவாதமாக இருக்கும். அவற்றுக்கு முயல் சீரம் சேர்ப்பது பல ஆய்வகங்களில் கைகண்ட வழி. இவை எல்லாவற்றையும்விட வலுவான சான்று ஃப்ரீடன்ஸ்டைன் வழியே: தனிச் செல் குடும்பத்தைச் சுமந்தூட்டும் பொருளில் (செல்களைத் தாங்கி நிற்கும் சட்டகத்தில்) வைத்து உடலுக்குள் பொருத்தி, எலும்பும் மஜ்ஜைக் குழியும் உருவாகின்றனவா என்று பார்ப்பது. 2015இல் சுண்டெலியிலும் 2018இல் மனிதரிலும் எலும்புக்குரிய ஸ்டெம் செல்களைத் தனியே அடையாளம் காட்டிய ஆய்வுகள் உடலுக்குள் செய்த இத்தகைய சோதனைகளைத்தான் நம்பின. அவ்வாறு காட்டப்பட்ட செல்கள் எலும்பையும் குருத்தெலும்பையும் தந்தன, கொழுப்பைத் தரவில்லை என்பது பழைய மூன்று திசு வரையறையையே கேள்விக்குள்ளாக்குகிறது.

செலுத்திய செல்கள் உடலில் எங்கே போகின்றன என்பதிலும் நாம் நீண்டகாலம் நம்மையே ஏமாற்றிக்கொண்டோம். வளர்ப்பில் பெருத்துவிட்ட இச்செல்களை ரத்தக்குழாயில் செலுத்தினால் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, ஓரிரு நாட்களில் மடிந்துவிடுகின்றன. வாரங்கள் கழித்துக் காயத்தில் தெரியும் சாயமோ இரும்புத் துகளோ, இறந்த செல்லை விழுங்கிய மேக்ரோஃபேஜுக்குள் இருப்பதாகவும் இருக்கலாம். ஆண் விலங்கின் செல்லைப் பெண் விலங்குக்குக் கொடுத்து ஒய் குரோமோசோமைத் தேடுவதும், ஒளிரும் புரத மரபணுவைப் பதித்த செல்லைப் பயன்படுத்துவதும் இதைவிட நம்பகமானவை, அவற்றிலும் முழு உறுதி இல்லை என்றாலும். நுரையீரலில் சிக்கியவை பயனற்றுப் போகின்றன என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது: 2009இல் மாரடைப்பு வரவழைத்த சுண்டெலிகளில், நுரையீரலில் தங்கிய மனிதச் செல்கள் டிஎஸ்ஜி-6 என்ற அழற்சி எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்தே இதயத்தின் சேதத்தைக் குறைத்தன என்று காட்டப்பட்டது. உங்கள் ஆய்வில் செல்களை நேரடியாக எலும்புக் குறைக்குள் வைப்பதால் நுரையீரல் சிக்கல் இல்லை. ஆனால் உருவான எலும்பு வைத்த செல்லிலிருந்து வந்ததா, வைத்த செல் அழைத்துவந்த எலியின் சொந்தச் செல்லிலிருந்து வந்ததா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

விலங்கில் கிடைத்த நன்மை மனிதரில் எந்த அளவு வெளிப்படும் என்பதே இன்றும் ஐயத்தில் இருக்கும் பகுதி. விலங்கு ஆய்வுகளில் பெரும்பான்மை நல்ல முடிவுகளையே அறிவிக்கின்றன. மனிதச் சோதனைகளின் வரலாறோ மேடும் பள்ளமும். அமெரிக்காவில் மனித மஜ்ஜையிலிருந்து பெற்ற இவ்வகைச் செல் மருந்து ஒன்று, மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் ஸ்டீராய்டுக்கும் கட்டுப்படாத ஒட்டு எதிர் விருந்தோம்பி நோயுள்ள (கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்கள் பெற்றவரின் உடலைத் தாக்கும்) குழந்தைகளுக்காக, 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் பெற்றது. அதே மருந்தின் முந்தைய பெரிய சோதனைகள் 2009இல் தம் முதன்மை இலக்கை எட்டாமல் முடிந்திருந்தன. இளமையான, ஒரே மரபுடைய, நோயற்ற விலங்குகளிடமிருந்து எடுத்த புதுச் செல்களை அன்றே செலுத்துவதும், பலமுறை பெருக்கி உறைநிலையில் வைத்து உருக்கிய செல்களை முதிய நோயாளிக்குச் செலுத்துவதும் ஒன்றல்ல என்பது இந்த இடைவெளியில் ஒரு பகுதியை விளக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

நடைமுறையில் நான் அடிக்கடி காணும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே எலியின் செல்லை வளர்ப்புத் தட்டின் மூன்று கிணறுகளில் வளர்த்து மாதிரி எண்ணிக்கை மூன்று என்று எழுதுவது, ஒரே ஆளின் எடையை மூன்று முறை பார்த்துவிட்டு மூன்று பேரை எடைபோட்டதாகச் சொல்வதற்குச் சமம். விலங்குக்கு விலங்கு இச்செல்கள் வியக்கத்தக்க அளவு மாறுபடுகின்றன; எண்ணிக்கை என்பது செல் கொடுத்த விலங்குகளின் எண்ணிக்கை. இதற்காக மிகையான விலங்குகளைக் கொல்ல வேண்டும் என்பதில்லை. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று நெறிகளின்படி, வேறு ஆய்வுக்காகக் கருணைக்கொலை செய்யப்பட்ட எலிகளின் எலும்புகளை அதே நாளில் பெற்றுக்கொள்ள விலங்கு நெறிக்குழுவிடம் முன்கூட்டியே பேசி வைத்தால், ஒரு விலங்குகூடக் கூடுதலாக வேண்டியிருக்காது. எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக இதுவே நடைமுறை.

ஆகவே மாணவருக்கு என் பரிந்துரை, வழிகாட்டி சொன்ன எலியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எலும்புக் குறையை ஆற்றுவது பற்றிய முதல் ஆய்வுக்கு, பிரிப்பது எளிது, ஆன்டிபாடிகள் போதிய அளவு உண்டு, உட்கலப்பு வகையும் கிடைக்கும். முதல் இரண்டு மாதங்களைக் குறை உருவாக்கும் அறுவையில் செலவிடாமல், குறைந்தது நான்கு எலிகளின் செல்களைத் தனித்தனியே வளர்த்து, மூன்றாம் பாசேஜில் சிடி90, சிடி29, சிடி45, சிடி11பி ஆகிய நான்கு மேற்பரப்பு அடையாளங்களையும் எலியின் ரத்தச் செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்து, சீரத்தின் ஒரே தொகுதியை ஆய்வு முழுவதற்கும் ஒதுக்கி வாங்கி வைத்து, வளர்ப்பைத் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐந்தாம் பாசேஜுக்கு மேல் எந்தச் செல்லையும் விலங்கில் வைக்காதீர்கள். செல் இல்லாத சுமந்தூட்டி மட்டும் வைத்த எலிகளோடு, தோலிலிருந்து வளர்த்த சாதாரண நார்த்திசுச் செல்களை வைத்த எலிகளையும் ஒரு குழுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவிலும் எலும்பு அதே அளவு வளர்ந்தால், எந்த விலங்கை எடுத்திருந்தாலும் உங்கள் கட்டுரையின் தலைப்பில் ‘ஸ்டெம்’ என்ற சொல்லுக்கு இடமில்லை.